பதினேழாம் கட்டத்து உமிரி

உமிரியைத் தின்றவர்களில் நானும் ஒருத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் வந்து, ஜலஜா தன் பங்கை மறைத்துக்கொண்டு ஊர்க் கதை பேசுகிறாள் என்று சொல்லக் கூடாது. முப்பத்து நாலு வருஷம் தொலைபேசி இலாகாவில் புகார்ப் புத்தகம் எழுதியவள் நான். யார் எத்தனை மணிக்கு என்ன குறை சொன்னார்கள் என்று எழுதி எழுதி, ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீட்டில் நான் ஒருத்திதான். புகார் சொல்லவும் ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. அதனால் செடிகளை எழுதக் கிளம்பினேன்.

கோட்டூர்புரம் பாலத்துக்குக் கிழக்கே, அடையாறு கடலைப் பார்க்க வளைகிற இடத்தில் எங்கள் சோலை இருக்கிறது. ஒரு காலத்தில் லாரி லாரியாகக் கட்டட இடிபாடு கொட்டிய இடம். ஓர் அறக்கட்டளை அதைக் குத்தகைக்கு எடுத்து, குப்பையை வாரி, கால்வாய் வெட்டி, ஒரு மதகும் வைத்தது. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். தண்ணீர் இறங்கின நேரத்தில் சேற்று வாசனை தூக்கும். முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டேன், இப்போது அந்த வாசனை வராவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இருக்காது.

ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு நாங்கள் ஒன்பது பேர் கூடுவோம். சம்பளம் கிடையாது. சோலை முழுக்க இருபத்து நாலு கட்டங்கள். பத்தடிக்குப் பத்தடி, நாலு மூலையிலும் மூங்கில் குச்சி, சுற்றிலும் நைலான் கயிறு, ஒரு தகரத்தில் எண். உள்ளே என்ன முளைத்திருக்கிறது, எத்தனை, எவ்வளவு உயரம், எந்தப் பூச்சி உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். கயிற்றுக்கு வெளியே யானையே நின்றாலும் எழுதக் கூடாது. நடைபாதையை விட்டு இறங்கி வேறு இடத்தை மிதிக்கவும் கூடாது. இந்த விதிகளைப் போட்டவர் மயிலாப்பூர் வெங்கடேஷ். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், புல்லைக்கூடக் குனிந்து நமஸ்காரம் செய்துவிட்டுத்தான் எண்ணுவார்.

தங்கபுஷ்பம் அந்தச் சோலையில் வேலை செய்கிறவள். ஐந்தரை மணிக்குக் கேட்டைத் திறப்பாள், பாதை கூட்டுவாள், வெளியிலிருந்து வந்து முளைக்கிற சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குவாள். பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறைதான் அவளுக்கு வீடு. வேலை இருக்கிற வரைக்கும் அந்த அறை. புருஷன் சேரன் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் இருந்தவர், பிரஸ்ஸில் வலது கையின் இரண்டு விரல்களை விட்டுவிட்டு வீட்டோடு வந்தவர். மகள் ஷண்முகப்ரியா அடையாற்றில் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், காலேஜுக்கு நடந்தே போய்விடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் புயலில் அந்த அறைக்குள் இடுப்பளவு தண்ணீர். அன்றைக்கு வெங்கடேஷும் மஹ்விஷும் இன்னும் நாலு பேரும் கயிறு பிடித்துப் போய், காய்ச்சலில் கிடந்த சேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மஹ்விஷ் எங்கள் கூட்டத்தில் பறவை எழுதுகிறவள், ராயப்பேட்டைப் பெண், பள்ளிக்கூட டீச்சர். அந்தக் குடும்பம் பதினோரு நாள் வெங்கடேஷ் வீட்டு மாடியில் இருந்தது. மஹ்விஷ் வீட்டிலிருந்து போர்வையும் பாத்திரமும் வந்தன. நனைந்து கூழான சர்டிபிகேட்டுகளுக்கு நகல் வாங்க ஷண்முகப்ரியாவோடு ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கினது நான். இதெல்லாம் பெரிய காரியமில்லை. ஆனால் தங்கபுஷ்பம் மறக்கிற ஆள் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எட்டரை மணிக்கு, பம்ப் ஷெட் பக்கத்து சிமென்ட் மேடையில், மூடின தூக்கோடு நிற்பாள். ஒரு வாரம் சுண்டல், ஒரு வாரம் குழிப்பணியாரம். வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தோம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று வாரம் பேசவில்லை. அதிலிருந்து கொடுத்ததைத் தின்றுவிடுவது என்று தீர்மானமாகிவிட்டது.

தை பிறந்து முதல் ஞாயிறு, பதினேழாம் கட்டத்தில் வெங்கடேஷ் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நான் ஓடினேன்.

"ஜலஜா, இங்க வாங்கோ. இதப் பாருங்கோ. உமிரி."

விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னச் செடிகள். இலை பருப்பு மாதிரி உருண்டு, தண்ணீர் கட்டி, பச்சையும் சிவப்புமாக இருந்தது.

"இந்த எடத்தோட பழைய பட்டியல்ல இருக்கு. அப்பறம் ஒருத்தர் கண்ணுலயும் படல. உப்புத் தண்ணி ஏறி எறங்கற மண்ணுலதான் இது வரும். இது வந்துடுத்துன்னா ஆறு மூச்சு விட்டுண்டிருக்குன்னு அர்த்தம்." அவர் கண் கலங்கிவிட்டது. "நான் இதப் பாக்காமலே போயிடுவேன்னு நெனச்சிண்டிருந்தேன்."

எண்ணினோம். அறுபத்தொன்று. பழைய கயிற்றை அவிழ்த்துப் புதுக் கயிறு கட்டினோம், புதுக் குச்சி நட்டோம், தகரத்தில் பதினேழு என்று சிவப்புப் பெயின்டில் எழுதி மாட்டினேன். பாதை கூட்டிக்கொண்டிருந்த தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டேன்.

"இது என்னன்னு தெரியுதா தங்கம்?"

"தெரியாம இன்னா மா? உமிரி. எங்கம்மா தூத்துக்குடி உப்பளத்துக்காரி. இத்த ஆக்காத வூடு ஏது அங்க."

"இது நல்லா வளரணும். உன் பொறுப்பு."

"என்னாண்ட வுட்டுட்டீங்க இல்ல, கவலைய வுடுங்க," என்றாள்.

அடுத்த ஞாயிறு தூக்கைத் திறந்தால் வடை. கடலைப் பருப்பு வடைதான், ஆனால் உள்ளே பச்சையாக ஏதோ கீரை. மேலே மொறுமொறுவென்று, உள்ளே பதமாக, ஓர் இழை உப்புக் கரிப்போடு. நான் நாலு தின்றேன். எனக்குச் சர்க்கரை உண்டு, டாக்டர் தின்பதையெல்லாம் டைரியில் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதுவதுதான் எழுதுகிறோம் என்று மற்றவர்கள் எத்தனை தின்றார்கள் என்பதையும் எழுதிவைப்பேன். என்னைவிட யாராவது ஒன்று அதிகம் தின்றிருந்தால் மனசுக்கு ஓர் ஆறுதல்.

"உப்பு அளவா போட்டிருக்கே," என்றார் வெங்கடேஷ், வாயில் வடையோடு.

"உப்பே போடல சார்," என்று சிரித்தாள் தங்கபுஷ்பம்.

ஒன்பது பேரும் சேர்ந்து சிரித்தோம். இலையைப் பார்த்து ஜாதகம் சொல்கிற கூட்டம். ஒருத்தருக்கும் இது என்ன கீரை என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்குப் பதினேழாம் கட்டத்தில் ஐம்பத்திரண்டு. அதற்கடுத்த வாரம் முப்பத்தெட்டு. பிறகு இருபத்து மூன்று. வெங்கடேஷ் இளைத்துப்போனார். நண்டு என்றார் ஒருவர், எலி என்றார் இன்னொருவர். வெயில் முன்னாலேயே வந்துவிட்டது, உப்பு ஏறிவிட்டது என்றாள் மஹ்விஷ். மேடையில் உட்கார்ந்து வடையைத் தின்றுகொண்டே பேசினோம். ஐந்தாவது வாரம் பதினாலு. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சேற்றில் முட்டி போட்டுப் பார்த்தேன். தண்டுகள் கடிபடவில்லை. நகத்தால் கிள்ளின மாதிரி நறுக்கென்று இருந்தது, முந்தின நாள்தான் பட்ட மாதிரி ஈரம்கூடக் காயவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பத்து நாலு வருஷத்துப் புத்தி சும்மா போகுமா. படிவத்தின் குறிப்புப் பத்தியில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "மனிதக் கை. சனிக்கிழமைதோறும். நிர்வாகம் உடனே கவனிக்க வேண்டும்." கீழே கையெழுத்துப் போட்டு, நகலெடுத்து, மேனேஜர் ஆனந்தகுமார் மேஜையில் நானே கொண்டுபோய் வைத்தேன்.

ஆனந்தகுமார் கெட்டவர் இல்லை. விதியை மீறினால் தூக்கம் வராத மனிதர், அவ்வளவுதான். சோலைக்குள் ஓர் இலை கிள்ளக் கூடாது என்பது விதி. பழைய தோட்டக்காரர் ஒருவர் பொங்கலுக்கு நாலு பனையோலை வெட்டினதற்கு வேலையை விட்டு அனுப்பியவர் அவர். நாங்களும் அந்த விதிக்கு உட்பட்டவர்கள்தான். இலை எடுத்த தன்னார்வலரை உள்ளே விடக் கூடாது என்று நாங்கள் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது. அவர் வேப்ப மரத்தில் ஒரு கேமரா மாட்டினார். திங்கட்கிழமை காலை எனக்குப் போன் வந்தது.

"மேடம், நீங்க எழுதினது நூத்துக்கு நூறு கரெக்ட். ஆள் மாட்டிடுச்சு. நம்ம தங்கபுஷ்பம். சனிக்கிழமை சாயங்காலம் கிண்ணத்தோட வந்து கிள்ளிட்டுப் போகுது. தானே எடுத்தேன்னு எழுதியும் கொடுத்துடுச்சு. ஞாயித்துக்கிழமை காலைல உங்க டீம் முன்னால முடிச்சுடலாம். அன்னிக்கே ரூமையும் காலி பண்ணச் சொல்லிட்டேன்."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அந்த அறை போனால் அவர்களுக்குப் போக்கிடம் ஊர்க்கோடியில் பெரும்பாக்கத்தில் இருக்கிற அவள் அண்ணன் வீடுதான். அங்கே ஏற்கெனவே ஏழு பேர். ஷண்முகப்ரியா காலையில் ஆறு மணிக்கு வார்டு டியூட்டிக்கு எப்படி வருவாள்? படிப்பு அதோடு சரி. இத்தனைக்கும் காரணம் நான் எழுதின இரண்டு வார்த்தை. அதே நேரத்தில் எனக்குக் கோபமும் வந்தது. இத்தனை நாள் பழகியவள், கேட்டால் கீரை வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேனா, ஏன் இப்படிச் செய்தாள்?

இரண்டு நாள் மனசு கேட்காமல், புதன்கிழமை மத்தியானம் போனேன். பம்ப் ஷெட் வாசலில் உரச் சாக்குகளில் பாத்திரம் கட்டி வைத்திருந்தது. ஷண்முகப்ரியா புத்தகங்களை ஒரு துணிக்கடைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து "வாங்க ஆன்ட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சேரன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

தங்கபுஷ்பம் கட்டின சாக்கை அவிழ்த்து ஒரு தட்டை எடுத்தாள்.

"குந்துங்க மா. காரப்பொடி மீன் கொழம்பு கீது. சூடா ஒரு வாய் சாப்டுங்க."

"நான் சாப்பிட வரல."

"சாப்டாம பேசுனா காதுல ஏறாது எனக்கு."

சோறு போட்டுவிட்டுத்தான் எதிரே உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டேன். குழம்பில் மாங்காய் போட்டிருந்தாள். மூன்றாவது வாய் இறங்கவில்லை.

"ஏன் தங்கம் இப்படிப் பண்ணின? கடைல வாங்கக் கூடாதா?"

"கடையில உமிரி எங்க மா விக்குது?"

"விக்கலன்னா? ஒரு இலை தொடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மா. நான் தொடல."

"கேமரால இருக்கே."

"அது நீங்க போட்ட பாத்தி மா. தோட்டத்துது இல்ல."

நான் தட்டைக் கீழே வைத்தேன். "என்ன பாத்தி?"

"இன்னா மா இப்டி கேக்குறீங்க? குச்சி நட்டீங்க, கயிறு கட்டுனீங்க, தகரத்துல நம்பர் எழுதி மாட்டுனீங்க. வாராவாரம் ஒம்போது பேரும் சுத்தி குந்திக்கினு ஒண்ணு ஒண்ணா எண்ணுறீங்க. நல்லா வளரணும், உன் பொறுப்புன்னு என்னாண்ட சொன்னீங்க. கீரை வளந்தா கிள்ளணும், கிள்ளலன்னா முத்திப் பூடும். நானும் வெத கட்டுனத வுட்டுட்டு, தளிரா பாத்து கிள்ளுனேன்."

"மத்த கட்டத்துக்கும் கயிறு கட்டியிருக்கோமே."

"அதுல எல்லாம் புல்லும் பூண்டும் கீது. அத்த யாரு ஆக்கித் தின்பாங்க? படிச்சவங்க, எதுனா மருந்துக்கு வளக்குறாங்கன்னு வுட்டுட்டேன். இதுலதான் கீரை."

எனக்கு மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது.

"கிள்ளி என்ன பண்ணின?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்குத்தான மா சுட்டுக் குடுத்தேன். நீங்க வளத்தத நான் எதுக்கு தின்ன? எங்க வூட்ல ஒரு வடை தின்னதில்ல. இந்தப் பொண்ணு கேட்டுது, குடுக்கல."

ஷண்முகப்ரியா பையைப் பார்த்தபடியே, "நிஜம்தான் ஆன்ட்டி. உடைஞ்சதக்கூட குடுக்கல," என்றாள்.

நான் தின்ற வடைகள் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. நண்டு தின்கிறது, எலி தின்கிறது என்று பேசிக்கொண்டே தின்றவர்கள் நாங்கள். வெட்கமாக இருந்தது. சொல்லத் தெரியாத அளவுக்கு வெட்கம்.

"தங்கம், அது பாத்தி இல்ல. அது தானா முளைச்சது. நாங்க எண்ண மட்டும்தான் செஞ்சோம்."

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"நெசமாவா மா? அப்ப நான் தப்பு பண்ணிட்டேனா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "நான் இன்னா நெனச்சேன்னா, மத்த உமிரிதான் தோட்டத்துது, இது உங்களுதுன்னு. அந்தாண்ட ஒரு தளிரு தொட்டிருந்தா என் கை வெளங்காம பூடும்."

"எந்த உமிரி?"

"மதகாண்ட கீதே, அது."

சேரன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கரை பூரா அதான் மா. பாய் விரிச்ச மாறி. நான்தான் மதகு ஏத்தி எறக்க போறேனே, தெனிக்கும் பாக்குறேன். நீங்க நடக்குற பாதையிலேர்ந்து தெரியாது, கண்டல் மரம் மறைக்கும். கயித்துக்கு வெளிய பாக்க மாட்டீங்களா நீங்க?"

"மாட்டோம்," என்றேன்.

"நல்லா கீது போங்க," என்றார் அவர்.

சோலை முழுக்கத் தொடாமல், நாங்கள் எண்ணுகிற பத்தடி இடத்தில் மட்டும் நேர்மையாகக் கிள்ளியிருக்கிறாள். ஒரு கணக்கெடுப்பை இதைவிடச் சுத்தமாக யாராலும் பாழாக்க முடியாது.

"இத ஏன் ஆனந்தகுமார்கிட்ட சொல்லல? எங்களுக்குச் சுட்டுக் கொடுத்தேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லுவாங்களா யாராச்சும்? இலைய எடுத்தா உங்களையும் உள்ள வுட மாட்டாங்களாமே. அந்த தாளுல கீதாம், மஹ்விஷ் மா ஒரு வாட்டி சொல்லிச்சு. நானே தின்னேன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீங்களும் சொல்லிக்கினு திரியாதீங்க."

"இது தப்பு."

"இன்னா மா தப்பு? பதினோரு நாளு அந்த அய்யரு வூட்டு உப்ப தின்னுகீறோம். இதுங்கப்பன வெள்ளத்துலேர்ந்து தூக்கியாந்தவங்க நீங்க. ஒங்க ஒம்போது பேருக்கும் ஞாயித்துக்கெழம பூடும். நான் ஒருத்தி போனா வேற எடத்துல கூட்டுவேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் வூட்ல கொஞ்ச நாளு. இவ படிப்புதான் ரவ பேஜாரு. அதுக்கு எதுனா வழி சொல்லுங்க, போதும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மீதிச் சோற்றை அழுதுகொண்டே தின்று முடித்தேன். அவள் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். அவள் சொன்னதில் ஒன்று மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்? வாரம் முழுக்கத் திங்கட்கிழமைதான். பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. அரைமணி நேரம், அதற்கு மேலேகூட இருக்கலாம், அப்படியும் யோசித்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. பிறகு என்னையே ஒரு திட்டு திட்டிக்கொண்டு வெங்கடேஷுக்குப் போன் செய்தேன்.

"ராம ராமா," என்றார் அவர். "நானா? நானா தின்னேன்? எத்தன?"

"டைரி பார்த்தேன். மொத்தம் பத்தொன்பது."

"அவகிட்ட அந்த உமிரிய நானும்தானே கொண்டாடிக் காமிச்சேன். ஞாயித்துக்கெழம சொல்லிடுங்கோ ஜலஜா. தள்ளினா தள்ளட்டும். அந்தப் பொண்ணு படிப்பு நின்னுதுன்னா எங்காத்துல எனக்குச் சோறு எறங்காது," என்றார். மஹ்விஷும் மற்ற ஆறு பேரும் அதையேதான் சொன்னார்கள், ஒருவர் தவிர. அவரும் சனிக்கிழமை ராத்திரிக்குள் சரி என்று செய்தி அனுப்பினார்.

ஞாயிறு ஒன்பது மணி. ஆபீஸ் அறையில் ஆனந்தகுமார் மேஜைக்குப் பின்னால், நாங்கள் ஒன்பது பேர் சுவரோரம், தங்கபுஷ்பம் வாசற்படியில். சாக்குகள் வெளியே ஒரு மீன்பாடி வண்டியில் ஏறியிருந்தன.

நான் டைரியைப் பிரித்தேன். "மேனேஜர் சார், என் ரிப்போர்ட்ல ஒரு குறை இருக்கு. கிள்ளினது மனுஷக் கைன்னு எழுதினேன். தின்னது யார்னு எழுதல. இப்ப படிக்கிறேன்."

"வேணாம் மா," என்றாள் தங்கபுஷ்பம்.

படித்தேன். வாரம் வாரமாக, பெயர் பெயராக. ஜலஜா நாலு. வெங்கடேஷ் ஐந்து. மஹ்விஷ் மூன்று, வீட்டுக்கு இரண்டு. ஆனந்தகுமார் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பாத்தி என்று அவள் நினைத்ததைச் சொன்னேன். பிறகு நாலாவது வாரத்துக்கு வந்தேன்.

"மாசி முதல் ஞாயிறு. ஜலஜா மூன்று. வெங்கடேஷ் நாலு. ஆனந்தகுமார் சார், இரண்டு. சட்னி இல்லையா என்று கேட்டார்."

மேலே பறக்கும் ரயில் ஒன்று போய் முடிந்தது.

"அது அந்த வடையா?" என்றார் ஆனந்தகுமார்.

"அதேதான் சார்," என்றாள் தங்கபுஷ்பம் வாசலிலிருந்து, மிகவும் வருத்தமாக.

வெங்கடேஷ் எழுந்தார். "விதிய நான்தான் போட்டேன், கயித்துக்கு வெளிய பாக்கப்படாதுன்னு. இன்னிக்கு ஒரு தடவ மீறலாமா? மதகு வரைக்கும் போய்ட்டு வந்துடலாம், எல்லாரும்."

சேரன் முன்னால் நடந்தார், கண்டல் கிளைகளை விலக்கிப் பிடித்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினோம். மரம் விலகின இடத்தில் கரை தெரிந்தது. மதகிலிருந்து ஆற்று வளைவு வரைக்கும் பச்சையும் சிவப்புமாக உமிரி. மஹ்விஷ் எண்ண ஆரம்பித்து அறுநூற்று நாற்பதில் விட்டுவிட்டாள், அப்போது கால்வாசிகூட ஆகவில்லை. வெங்கடேஷ் வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். யாரையோ பார்த்துக் கும்பிடுகிற மாதிரி கையைக் கூப்பினார். திரும்பிப் பார்த்தேன். ஆற்றையா, உமிரியையா, ஒரு தளிர் தொடாமல் இதைக் காத்தவளையா என்று தெரியவில்லை. மூன்றும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன.

ஆனந்தகுமார் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

"மேடம், ரிப்போர்ட் எழுதினது நீங்கதானே? திருத்தி எழுதிக் கொடுங்க. உமிரி அழியல, பெருகியிருக்குன்னு. திருத்தின ரிப்போர்ட் வந்துட்டா பழைய நடவடிக்கைக்கு ஆதாரம் இல்ல. இந்தம்மா எழுதிக் கொடுத்ததையும் கிழிச்சுடறேன்." பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனா விதி விதிதான். தின்ன தன்னார்வலர்கள் நாலு ஞாயிறு உள்ள வரக் கூடாது. நானும் வர மாட்டேன், லீவு போட்டுடறேன்."

மீன்பாடி வண்டியிலிருந்து சாக்குகளை இறக்கினது நாங்கள் ஒன்பது பேரும்தான். ஷண்முகப்ரியா புத்தகப் பையை யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தங்கபுஷ்பம் எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கம், உன்கிட்ட நாங்க கடன்பட்டிருக்கோம்," என்றேன். "அட, வுடுங்க மா, சேறு ஒட்டப் போவுது," என்று கையை உருவிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. சும்மா அந்தப் பக்கம் நடந்துவிட்டு வரலாம் என்று போனேன். கேட்டுக்கு வெளியே, பள்ளிக்கூடத்துக்கு லேட்டாக வந்த பிள்ளைகள் மாதிரி வெங்கடேஷும் மஹ்விஷும் மற்றவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். சும்மாதான் வந்தார்களாம். மஹ்விஷ் கம்பிக்கு வெளியிலிருந்தே பைனாகுலரில் கொக்கு பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டரைக்குத் தங்கபுஷ்பம் வந்தாள். ஒரு கையில் தூக்கு, ஒரு கையில் படிவம். இருபத்து நாலு கட்டமும் அவளும் மகளும் எண்ணியிருந்தார்கள். ஷண்முகப்ரியாவின் குண்டுக் கையெழுத்து. பதினேழாம் கட்டத்தில் முப்பத்தொன்று, கிள்ளின இடத்திலெல்லாம் பக்கக் கிளை விட்டிருக்கிறது என்று குறிப்பு.

கம்பி வழியாகத் தூக்கை நீட்டினாள். வடை.

யாரும் கையை நீட்டவில்லை.

"பயப்படாதீங்க. மார்க்கெட்டுல வாங்குன முருங்கக்கீரை," என்றாள்.

நான்தான் முதலில் எடுத்தேன். மொறுமொறுவென்று இருந்தது. கடித்தேன். உப்பே இல்லை. ஐந்து வாரமாக உமிரியை வைத்துச் சுட்ட கை, உப்பு டப்பாவை மறந்துவிட்டது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மா, எப்டி கீது?"

"நல்லா இருக்கு," என்றேன்.

வெங்கடேஷ் ஒரு கடி கடித்து, என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அமிர்தம்," என்று சொல்லி இன்னொன்று எடுத்துக்கொண்டார். மஹ்விஷ் மூன்று எடுத்தாள். ஒன்பது பேரும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்றோம்.

வீட்டுக்கு வந்து டைரியைப் பிரித்தேன். கண்ணால் காணாததை, வாயால் அறியாததை, முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு வரிகூட நான் எழுதினதில்லை. ஜலஜா நாலு, வெங்கடேஷ் ஐந்து, மஹ்விஷ் மூன்று என்று எழுதிவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: உப்பு சரியாக இருந்தது.